உடைந்தது என்று எழுதாத கடிதம்

"...மழை பேஞ்சத எழுதிக்கிறீங்க, மயிலம் முருகன் அருள எழுதிக்கிறீங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்குது. மில்லு ஓடுமா, ஓடாதா? அத எழுதலியே!" என்று ஓமந்தூர்ப் பக்கத்துப் பங்குதாரர் ஒருவர் கடிதத்தைச் சேர்மனின் மேஜைமேல் விரித்தார்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் எங்களுடையது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆட்டி எண்ணெய் எடுக்கும் கம்பெனி. பங்கு வாங்கியவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து விவசாயிகள். அவர்கள் காய் கொண்டுவந்தால்தான் மில்லுக்கு வேலை. வருஷா வருஷம் சேர்மன் பெயரில் அவர்களுக்குப் போகும் கடிதத்தை எழுதுவது நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேசுகிற மாதிரி எழுதத்தான் தெரியும்.

அந்த வருஷம் நடுச் சீசனில் மெஷின் உடைந்து மில் நின்றுபோனது. நான் இப்படி எழுதினேன்: 'மெஷின் உடைந்தது. அதனால் இந்த வருஷம் லாபமில்லை. இப்போது பழுது பார்த்தாயிற்று. புதுக் காயை நம் மில்லுக்கே கொண்டு வாருங்கள்.'

சேர்மன் படித்துவிட்டு, "யோவ், இது என்ன சாவுச் சேதியா? எங்க சம்பந்தியும் பங்கு வச்சிருக்காருய்யா, படிப்பாரு! 'உடைஞ்சது'ன்ற வார்த்தையே வரக்கூடாது" என்று கோடு இழுத்தார்.

உடையவே இல்லை என்றால் பழுது பார்த்ததை எப்படிச் சொல்வது? அந்த வரியும் போயிற்று. நான் திருப்பித் திருப்பி எழுத, அவர் திருப்பித் திருப்பி அடித்தார். கடைசியில் மழையும் முருகனும்தான் மிச்சம். வெறுத்துப்போய் அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.

இப்போது அந்தப் பங்குதாரரிடம் சேர்மன், "மொதல்ல உக்காருங்க, மோர் சாப்பிடுங்க" என்றார்.

"மோரு இருக்கட்டும். தம்பி, நீயாவது சொல்லுப்பா" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஓடும்ங்க. ரிப்பேர் பண்ணி ஒரு மாசமாச்சு. காய்தான் வரல."

"அட பாவிங்களா! ஒடஞ்சது எங்க ஊருல மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும்யா. சரியானதுதான் ஒருத்தனுக்கும் தெரியல!"

சேர்மன் முகம் மலர்ந்தது. "இப்பதான் தெரிஞ்சிபோச்சே! வண்டிய உள்ள வுடுங்க, ஜல்தியா எறக்கிடலாம்."

"எத்த எறக்குவீங்க? முந்தாநாளு உங்க கேட்டு வழியாத்தான் லோடோட போனேன். மில்லு சத்தமே காணோம். விழுப்புரத்துல போட்டுட்டு வர்றேன். எங்க ஊருக்காரங்க எல்லாரும் அங்கதான் போட்டாங்க."

எழுந்து வெளியே போனார். வண்டியில் கிடந்த காலிச் சாக்குகளை ஒவ்வொன்றாக எங்கள் கேட்டருகே உதறினார். மண்ணும் மல்லாட்டைத் தோலும் பறந்தன. சாக்குகளை மடித்துப் போட்டு, அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்து, ஊர்ப் பக்கமாக மாட்டை ஓட்டினார்.