இரண்டாவது ஆள்

எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து, முதலில் வலது கை நகக்கண்கள், பிறகு இடது. ஓர்லீன் பீல் வாரத்தில் ஆறு நாளும் தன் சமையலறையில் அவித்த நண்டை உடைத்து, சதை எடுத்து, டப்பாவில் அடைத்து விற்கிறார். ஏழாம் நாள் காலையில் அந்த வாடை போகத் தேய்த்த பிறகுதான் தூய பேதுரு ஆலயத்தின் பீடத்துணியைத் தொடுவார். "பேதுரு ஒண்ணும் சொல்லமாட்டாரு, அவரே மீன்காரரு. லவீனியாம்மாவுக்குத்தான் மூக்கு கூர்மை" என்பார்.

லவீனியா தார்ன்டைக் செத்து நூறு வருஷமாகிறது.

கோடை முடிந்து பாஸ்டன் பணக்காரர்கள் ஊர் திரும்பும்போது, அமெரிக்காவின் இந்த மெய்ன் கடற்கரையில் அவர்கள் கட்டிய கோயில்களையும் பலகை அடித்து மூடிவிடுவார்கள். லவீனியாவும் கோடைக்கு வந்தவர்தான். ஆனால் கல்லுடைப்பவர்களுக்கும் மீனவர்களுக்குமாக இந்தச் சின்னக் கருங்கல் கோயிலைக் கட்டியபோது, பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தார்: ஒவ்வொரு ஞாயிறும் மதியத்துக்குள் குறைந்தது இரண்டு பேர் கூடி ஜெபிக்கவேண்டும், ஒரு ஞாயிறு தவறினாலும் நிலம் தார்ன்டைக் குடும்பத்துக்கே திரும்பும்.

"நம்மளை நம்பாம எழுதலை, கண்ணு. நம்ம வீம்பை நம்பி எழுதியிருக்கா."

ஓர்லீனுக்கு எல்லாரும் கண்ணுதான்: பேராயர், தபால்காரர், கொதிநீரில் இறங்கப்போகும் நண்டு. குருவானவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். மற்ற ஞாயிறுகளில் காலை ஜெபம் வாசிப்பது ஓர்லீன். குளிர்காலத்தில் எட்டுப் பேர் வருவார்கள், எட்டுப் பேரும் கடைசி இரண்டு பெஞ்சில். "முன்னால வாங்களேன்" என்று பேராயர் ஒருமுறை கெஞ்சியதற்கு, "நீங்க பின்னால வாங்க கண்ணு, இடம் கெடக்கு" என்று பதில் போனது. ஆராதனைப் பதிவேட்டில் 1891 முதல் ஒரு ஞாயிறு விடுபடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார், தொட விடமாட்டார்.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பிடித்த பனி ஊரையே மூடியது. ஞாயிறு விடிந்ததும் எட்டுப் பேரும் தொலைபேசியில் ஒருவர் பின் ஒருவராகக் கைவிரித்தார்கள். ஓர்லீன் மட்டும் கோயிலுக்குப் பக்கத்து வீடு. இரண்டு மணி நேரம் பனியை வெட்டித் தள்ளி, கோயிலின் சிவப்புக் கதவைத் திறந்தார். பத்து மணிக்கு மணியடித்தார். யாருமில்லை. பத்தரைக்கு அடித்தார். பதினொன்றுக்கு அடித்தார். கயிறு உள்ளங்கையை உரித்துவிட்டது.

பதினொன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது. லவீனியாவின் தம்பிக்குக் கொள்ளுப்பேரன், பிரெஸ்காட் தார்ன்டைக். குடும்பத்தின் மேட்டு வீட்டில் குளிர்காலம் கழிக்க வந்தவர். அந்தப் பத்திரத்தை அவர் வக்கீலிடம் காட்டிப் படித்த சங்கதி ஊருக்கே தெரியும். கையில் போன் இருந்தது.

"வாங்க கண்ணு, பனியை வெளியவே உதறிட்டு."

"நான் ஜெபத்துக்கு வரலை, மிஸஸ் பீல். சும்மா பார்க்க வந்தேன். எத்தனை பேரு?"

"இப்போதைக்கு ஒண்ணு."

"நான் நிக்கிறேன்னு என்னைச் சேர்த்துடாதீங்க." கதவருகே நின்று போனில் மணி பார்த்தார்.

ஓர்லீன் ஜெபப் புத்தகத்தை எடுத்தார். கோயில் நிறைய ஜனம் இருப்பதுபோல் குரலை உயர்த்தி, விசுவாசப் பிரமாணம் முடிய ஒற்றையாகவே வாசித்தார். பிறகு நிமிர்ந்து, கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொன்னார்:

"கர்த்தர் உங்களோடு இருப்பாராக."

"உமது ஆவியோடும் இருப்பாராக" என்றார் பிரெஸ்காட்.

அவர் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. இப்போதைய புத்தகத்துப் பதில்கூட இல்லை, நாலு வயதில் அம்மா பக்கத்தில் நின்று கற்ற பழைய பதில். காது வரைக்கும் சிவந்துபோனார்.

ஓர்லீன் சிரிக்கவில்லை. "ஜெபம் பண்ணக்கடவோம்" என்றார். தார்ன்டைக் குடும்பத்து முழங்கால்கள் அந்தச் சொல்லுக்கும் பழகியவை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசி பெஞ்சில் மண்டியிட்டார். பரமண்டல ஜெபத்தை இருவருமாகச் சொன்னார்கள். அவர் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. முடிந்தபோது மணி பதினொன்று ஐம்பத்துநாலு.

"நான் வேணும்னு சொல்லலை" என்றார் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டே.

"யாரு கண்ணு வேணும்னு சொல்றா? நாங்களும் பாதி நாள் அப்படித்தான்."

பதிவேட்டைத் திறந்து, தேதி எழுதி, 'காலை ஜெபம்' என்று எழுதி, 'ஆராதித்தோர்' என்ற கட்டத்தில் 2 என்று போட்டார். பேனாவை அழுத்தி அதன்மேலேயே இன்னொருமுறை எழுதினார். பிறகு பதிவேட்டைப் பிரெஸ்காட் பக்கம் திருப்பி, அந்த எண்ணுக்குக் கீழே எலுமிச்சை மணக்கும் விரலை வைத்தார். அவர் குனிந்து படிக்கும்வரை எடுக்கவில்லை.