திலகமக்கா வீட்டு வயர்

வீடுகளுக்கு நெட்வேர்க் போடக் கொம்பியூட்டர் தெரிஞ்சால் போதுமெண்டு நம்பி இந்தத் தொழிலுக்குள்ளை இறங்கின என்ரை சக பாவங்களே, தீவுப்பக்கம் ஒருக்கால் வந்து பாருங்கோ.

புதுப் பெயின்ற்

சமாதானம் எண்டு சொல்லிக்கொண்டிருந்த காலம். தீவிலை, சரவணை எண்ட ஊரிலை திலகமக்கா, யாழ்ப்பாணத்து ரியூட்டரி ஒண்டுக்குச் சோதனை வினாத்தாள் ரைப் பண்ணிக் குடுக்கிறவ. அதுதான் அவவின்ரை சீவியம். பெரிய வீட்டிலை அவ. அதே வளவுக்குள்ளை சின்ன வீட்டிலை, அக்கா ரைப் பண்ணினதைப் பிழை பாத்துத் திருத்துற தங்கச்சி வசந்தி. ரெண்டு பேரின்ரை கொம்பியூட்டரையும் தொடுக்கவேணும், வினாத்தாள் வெளியிலை போகவும் கூடாது.

வயரைப் போடுவம் எண்டு சொன்னனான். அக்கா, கனடாவிலை இருக்கிற தம்பி அனுப்பின, ரெண்டு கொம்பு வைச்ச வயர்லெஸ் பெட்டியைத் தூக்கி மேசையிலை வைச்சா. "சுவரிலை ஓட்டை போடாதையும் தம்பி. இப்பதான் பெயின்ற் அடிச்சது."

வேலிப் பொட்டு

பாஸ்வேர்ட் போட்டுக் குடுத்தன். ஒரு மாதம் போகேல்லை, ரியூட்டரிக்காரர் அக்காவைக் கூப்பிட்டு ஏசிப்போட்டார். அங்கை படிக்கிற, அக்காவின்ரை பக்கத்து வீட்டுப் பிள்ளை சோதனைக்கு முதலே கேள்வியளைச் சொல்லுதாம். இன்னொருக்கால் நடந்தால் வேலை வேறை ஆளுக்கு. அக்கா அழுதா. நான் போட்ட பூட்டெல்லோ! பாஸ்வேர்ட்டை மாத்தினன்.

அடுத்த கிழமை போனால், அயலட்டை தண்ணி அள்ள வந்து போறதுக்கு வேலியிலை ஆள் நுழையிற இடைவெளியாய் விட்ட பொட்டுக்குப் பக்கத்திலை அந்தப் பிள்ளை, மடியிலை லப்ரொப். வசந்தி சேர்த்து வைச்ச பாட்டுக் கேக்குதாம்! பாட்டுக்குப் பக்கத்திலைதானே வினாத்தாளும் கிடக்குது. "அக்கா, புதுப் பாஸ்வேர்ட்டையும் ஏன் குடுத்தனீங்கள்?" எண்டு பாய்ஞ்சன்.

"கிணத்தடியிலை வைச்சுக் கேட்டவள். கேட்டால் இல்லையெண்டு சொல்லுறதோ?"

சென்றி

இனி வயர்தான், வேறை கதையில்லை எண்டு முடிவெடுத்தன். நீலக் கேபிள் சுருளை மோட்டச்சைக்கிளிலை கட்டிக்கொண்டு தீவுக்குப் போற பண்ணைப் பாலத்தடிக்கு வர, சென்றியிலை ஆமிக்காரன் மறிச்சிட்டான். அந்த நாளிலை வயர்ச் சுருளோடை வாறவனை என்னெண்டு பாப்பாங்கள் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்கா, தங்கச்சி, ரெண்டு கொம்பியூட்டர் எண்டு கையாலையும் வாயாலையும் விளங்கப்படுத்தினன். சுருளை முழுக்க விரிக்கச் சொன்னான். விரிச்சன். வெயிலுக்குள்ளை நிண்டு திரும்பச் சுத்தினன். போகவிடேக்கை அவனுக்கு உண்மையிலேயே விளங்கேல்லை எண்டு முகத்திலை தெரிஞ்சுது. அரைகுறைத் தமிழிலை கேட்டான்:

"அக்கா, தங்கச்சி, ஒரே வளவு. கூப்பிட்டுக் கதைக்க ஏலாதா?"

வேலியடைப்பு

பெயின்றைத் தொடாமல், ஜன்னலாலை கேபிளை எடுத்து, வேலியோடை கட்டிச் சின்ன வீட்டுக்கு விட்டன். அடுத்த வினாத்தாள் குடுக்கவேண்டிய அண்டைக்குக் காலமை வசந்தி ரெலிபோன் எடுத்தா, கொம்பியூட்டர் ரெண்டும் ஒண்டையொண்டு காணேல்லையாம். ஓடிப்போனன். அங்கை புதுப் பனையோலை வைச்சு வேலியடைக்கினம்; கட்டெல்லாம் நீலம்! வேலியடைக்க வந்த சின்னராசண்ணை, கயிறு காணாமல் என்ரை கேபிளைத் துண்டு துண்டாய் வெட்டிப்போட்டார். "அட கோதாரி!" எண்டு கத்தினன். அந்த மனிசன் ஆறுதலாய்த் திரும்பிப் பாத்தார்.

"நல்ல கயிறு தம்பி, மழைக்கு உக்காது. இன்னும் கிடக்கோ?"

ஓட்டை

அண்டைக்கு நான் ஆரிட்டையும் கேக்கேல்லை. அந்தப் புதுப் பெயின்றிலையே ஓட்டை போட்டன். வளவு மண்ணைக் கிண்டிக் குழாயைத் தாட்டு, மிஞ்சின கேபிளை அதுக்குள்ளாலை விட்டன். கொம்புப் பெட்டியைக் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டினன். அக்கா சுவரைப் பாத்து முகத்தைச் சுளிச்சா. ஆனால் பொழுதுபட முதல் வினாத்தாள் முடிஞ்சிட்டுது.

புதுவேலியிலையும் பொட்டு விட்டுத்தான் அடைச்சிருந்தினம். அதுக்குள்ளாலை அந்தப் பிள்ளை தலையை நீட்டிப் பாஸ்வேர்ட் கேட்டுது. அக்கா சிரிச்சா, அவ அப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்லை.

"பாஸ்வேர்ட்டே இல்லையடி பிள்ளை. இருந்தால் தரமாட்டனோ?"

வயரோ வயர்லெஸ்ஸோ எண்டு ஆரும் கேட்டால், நான் இப்ப வீட்டுக்குள்ளை போக முதல் வேலியிலை பொட்டு இருக்கோ எண்டுதான் பாக்கிறனான்.