குரல் போவதற்குள்

பேருந்து நிலையத்தில் பதினேழு வருடமாக வண்டிகளை அறிவிப்பவள் அவள். எல்லோருக்கும் ‘மைக் அக்கா’. தொண்டையில் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். கணவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. எழுதிக் காட்டி என்ன பயன்? குரல் போனால், ஒரே அறையில் இருந்தாலும் அவருக்கு அவள் இல்லாதவள்தான்.

ஆபரேஷனுக்கு முன் கையில் இருந்தது ஒன்பது நாள். அன்றாடம் பேசுவதையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்து, துண்டு துண்டாக வெட்டி வைத்துவிட நினைத்தாள். எந்த சாப்ட்வேரில்?

முதலில் இறக்கியதில் திரை முழுக்கப் பொத்தான்கள். எதைத் தொட்டால் எது கெடுமோ என்று மூடிவிட்டாள். இரண்டாவது சுலபமாக இருந்தது. மதியம் முழுக்கப் பேசிவிட்டுச் சேமிக்கப் போனால், இந்தச் சோதனைப் பதிப்பில் சேமிக்க முடியாது என்றது. அதற்குள் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் பேச்சே எழவில்லை. இதுதான் கடைசியோ என்று பயந்தாள்.

குரல் மெல்லத் தெளிந்ததும் மூன்றாவதைப் பிடித்தாள். அது இரைச்சலை நீக்கும். மின்விசிறிச் சத்தத்தைத் துடைத்துவிட்டுக் கணவருக்குப் போட்டுக் காட்டினாள்.

“யாரும்மா இது?”

“நான்தாங்க.”

“நீயா? கிணத்துக்குள்ள இருந்து யாரோ பேசுற மாதிரி இருக்கு. வேணாம். எனக்குப் பயமா இருக்கு.”

பயம் என்று அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை.

கடைசியில், பதியவும் வெட்டவும் சேமிக்கவும் மட்டும் தெரிந்த ஓர் இலவச சாப்ட்வேர் போதும் என்று தீர்மானித்தாள். விசிறியை நிறுத்திவிட்டுப் பதிந்தாள். ‘பால் சூடா இருக்கு, பாத்து.’ ‘கேஸ அணைச்சுட்டேன்.’ ‘இங்கதான் இருக்கேன்.’

“சும்மா நச்சரிக்காதீங்கன்னு சொல்லுவியே, அதையும் போடு” என்றார் அவர். “அது இல்லாம நீ எப்படி?”

ஆபரேஷன் முடிந்தது. ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் ‘இங்கதான் இருக்கேன்’ என்பதை ஒலிக்கவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவர் ஸ்பீக்கர் பக்கம் முகத்தைத் திருப்பி, “வலிக்குதா? உக்காரு, நிக்காத” என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். அன்றிலிருந்து முதலில் தோளைத் தொடுவாள். பிறகுதான் கம்ப்யூட்டர் பேசும்.

ஐந்தாவது வாரம் டாக்டர் பேசச் சொன்னார். வீட்டில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏங்க” என்றாள். உப்புத்தாளில் தேய்த்தது போல ஒரு கரகரப்பு. அவர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பவில்லை; அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றார்.