எத்தனால் பாண்டியின் ஆராய்ச்சி

என் பெயர் செந்தூர்பாண்டி. சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் இருபத்திரண்டு வருடமாக பைக் மெக்கானிக்காக இருக்கிறேன். நடுவில் ஒரு வருடம் மட்டும் விஞ்ஞானியாகவும் இருந்தேன். யாரும் என்னை நியமிக்கவில்லை, நானாகத்தான் ஆனேன்.

பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்து வர ஆரம்பித்த சமயம் அது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி இவற்றிலிருந்து எடுக்கிற சாராயம்தான் எத்தனால். அதைக் கலந்தால் காற்றில் கரி குறையும் என்று பேப்பரில் போட்டிருந்தது. வண்டிக்காரர்களோ மைலேஜ் போச்சு, இஞ்சின் போச்சு என்று புலம்பிக்கொண்டு வந்தார்கள். அதில் உண்மையும் உண்டு. பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் குழாய் ஊதிப்போய் இருந்ததை நானே பார்த்தேன். மைலேஜும் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம் உண்மை கையில் கிடைத்தால் மீதியை வாயாலேயே நிரப்பிக்கொள்ளும் திறமை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? எத்தனால். பிரேக் பிடிக்கவில்லையா? எத்தனால். ஒருவர் ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தார். “அந்த ஆவி வயருக்குள்ள ஏறிருது அண்ணாச்சி” என்றேன். அவர் மரியாதையோடு தலையை ஆட்டினார். ஒரே மாதத்தில் எனக்கு ‘எத்தனால் பாண்டி’ என்று பெயர் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் வேதியியலுக்குப் பயந்து அறிவியல் பரீட்சை அன்று காய்ச்சல் வரவழைத்துக்கொண்டவன் நான். அதை ஊரில் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

ஒரு வித்தையும் கற்று வைத்திருந்தேன். கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். ஊற்றிய தண்ணீரைவிட அடியில் நிற்பது கூடுதலாகத் தெரியும். அதைத் தூக்கி வெயிலில் காட்டி, “பாத்தீகளா?” என்பேன். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்டதில்லை.

ஆடி மாதம் கீர்த்திகா என்று ஒரு பெண் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சிவகாசியில் பெரிய அச்சகத்துக்காரர் மகள். மை, ரசாயனம் பற்றியெல்லாம் படித்தவள். அது எனக்குத் தெரியாது. பாட்டிலைக் குலுக்கிக் காட்டினேன்.

“எத்தனால் இருக்குன்னு தெரியுதுண்ணே. ஆனா வண்டி நின்னதுக்கு அதுதான் காரணம்னு எப்படிச் சொல்லுதீக?” என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. யோசிக்க நேரம் வேண்டுமே என்று ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளே இஞ்சினுக்குக் காற்றுப் போகிற வழியை அடைத்துக்கொண்டு ஒரு துணி சுருண்டு கிடந்தது. மஞ்சள் துணி, சிவப்புக் கரை. என் மனைவி பொன்மணியின் பழைய சேலையைக் கிழித்துக் கடையில் கை துடைக்க வைத்திருந்த துணி. போன வாரம் அந்த வண்டிக்கு சர்வீஸ் பார்த்தவன் நானேதான். நைசாகச் சட்டைப்பைக்குள் திணித்தேன். கரை மட்டும் வெளியே தொங்கியது.

“அதுதான் எத்தனாலாண்ணே?” என்று கேட்டாள் கீர்த்திகா. சிரிக்கக்கூட இல்லை. அதன் பிறகு அவள் என் கடைப்பக்கம் வரவில்லை.

இதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துவிட்டேன்.

“எத்தனால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு சொல்லுதாக. கரும்பு எம்புட்டுத் தண்ணி குடிக்கும், தெரியுமா? மனுசனுக்குச் சோறு விளையுற மண்ணுல வண்டிக்கு இரை விளைய வைக்கதா? நம்ம ஊரு மண்ணை இந்தப் பாவத்துக்கு விடக் கூடாது!”

கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கே கண் கலங்கியது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பொன்மணி எழுந்தாள். அவள் பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவள். மழைக்காலத்தில் எங்கள் மூன்று ஏக்கரையும் அவளேதான் பார்ப்பாள். எனக்கும் அந்த நிலத்துக்கும் பட்டாவில் மட்டும்தான் உறவு.

“ஏங்க, நம்ம ஊருல கரும்பு எங்கன இருக்கு?” என்றாள்.

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“சரி. நம்ம மக்காச்சோளம் மாசி மாசம் எங்கன போச்சு?”

“கோழித் தீவனத்துக்கு.”

“அது முந்தின வருசம். இந்த வருசம் எத்தனால் எடுக்கிற ஆலைக்குல்ல போச்சு. லாரியில மூட்டை ஏத்துறப்ப வாங்கன்னு கூப்பிட்டேன். நீங்க பாட்டில் குலுக்கிக்கிட்டு இருந்தீக.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சென்று கத்தியது. தலைவர் அடுத்த தீர்மானத்துக்குப் போனார். தெருவிளக்கைப் பற்றிய அந்தத் தீர்மானத்தை என்னைவிட உன்னிப்பாக யாரும் கவனித்திருக்க முடியாது.

வீட்டில் பொன்மணி அதை வைத்து என்னைக் குத்திக்காட்டவில்லை. சாப்பாடு போட்டுவிட்டு, “நெசமாவே அது நல்லதா கெட்டதா? உங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியாது” என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அப்ப வந்து பாருங்க.”

புரட்டாசியில் மழை விழுந்ததும் எங்கள் மூன்று ஏக்கர் காட்டுக்குப் போனேன். விதைத்து முளைத்ததும் களை எடுக்கச் சொன்னாள். ஒரு வரிசை முடித்துப் பெருமையாகத் திரும்பினால், புல்லெல்லாம் நின்றது. பிடுங்கிப் போட்டதெல்லாம் மக்காச்சோளப் பயிர். “ஆராய்ச்சிக்காரரே, நீங்க வரப்புல உக்காந்து எழுதுங்க, போதும்” என்றாள்.

எழுதினேன். உழவுக்கு எத்தனை லிட்டர் டீசல், எத்தனை மூட்டை யூரியா, குருத்துக்குள் இருந்து தின்கிற படைப்புழுவுக்கு எத்தனை தடவை மருந்து என்று எல்லாவற்றையும் எழுதினேன். மருந்து அடித்த அன்று தும்பி, தேனீ ஒன்றும் காட்டில் இல்லை, அதையும் எழுதினேன். கிணற்றுத் தண்ணீர் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டேன். எங்கள் கரிசல் காட்டில் வானம் கொடுத்தால்தான் உண்டு.

மாசியில் அறுவடை முடிந்ததும் லாரியிலேயே ஏறி ஆலைக்குப் போனேன். டிரைவர் இசக்கிப்பாண்டிக்கு நான் ஏன் வருகிறேன் என்று கடைசிவரை புரியவில்லை. கொதிகலன் புகைபோக்கியைப் பார்த்தபடி வாசலில் நின்றேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. எதிரே டீக்கடையில் ஆலைத் தொழிலாளி ஒருவரைப் பிடித்தேன். ஒரு டன் சோளத்துக்கு முந்நூற்றெண்பது லிட்டர் போல வரும் என்றார். சாராயம் எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை மாட்டுத் தீவனமாகப் போகிறதாம். கொதிகலனில் என்ன எரிக்கிறீர்கள் என்றேன். “உமி கிடைச்சா உமி, இல்லாட்டி நிலக்கரி” என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தேன். எங்கள் ஆறு டன்னுக்கு ஏறக்குறைய இரண்டாயிரத்து இருநூற்றெண்பது லிட்டர் எத்தனால். டிராக்டரும் அறுவடை மிஷினும் லாரியும் குடித்த டீசல் நூற்றுச் சொச்சம் லிட்டர். அட, நல்லதுதானே என்று துள்ளினேன். ஆனால் எத்தனால் ஒரு லிட்டரில் பெட்ரோலின் வலு இல்லை. மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். யூரியா செய்ய எரித்த வாயு, கொதிகலனில் போன நிலக்கரி இரண்டும் என் நோட்டில் இல்லை. பெரிய செலவே அவைதான். கோழிக்குப் போக வேண்டிய சோளம் ஆலைக்குப் போய்விட்டால், கோழித் தீவனத்துக்காக எங்கே யார் புதிதாகக் காட்டை அழித்து விதைப்பார்கள் என்பதும் தெரியாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், மழையை நம்பி விளைந்து, உமியில் காய்ச்சினால் ஓரளவு நல்லது. தண்ணீரை உறிஞ்சி விளைந்து, நிலக்கரியில் காய்ச்சினால் பெயருக்குத்தான் நல்லது. பேப்பரில் போட்டது முழு உண்மை இல்லை. நான் மைக்கில் கத்தியது அதைவிட மோசம்.

இதைப் பொன்மணியிடம் அரை மணி நேரம் விளக்கினேன்.

“நாங்க கம்பெனியில பசுமைப் பட்டாசு செய்யுதோம்ல? அதுல புகையே வராதுன்னா சொல்லுதாக? கொஞ்சம் கம்மியா வரும். அம்புட்டுத்தேன். இதும் அது மாதிரியா?” என்றாள்.

அது மாதிரிதான். ஐந்து மாதம் நான் எழுதியதை அவள் தட்டைக் கழுவிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டாள்.

அதன் பிறகு கடையில் உள்ளதை உள்ளபடி சொல்ல ஆரம்பித்தேன். பிளக் கரி பிடித்திருக்கிறது, ஆயில் மாற்றவில்லை, செயின் தளர்ந்திருக்கிறது. ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. பாதிப்பேர் மெயின் ரோட்டு விலக்கில் புதிதாகக் கடை போட்டிருக்கும் மாரீஸ்வரனிடம் போகிறார்கள். அவன் எல்லாவற்றுக்கும் எத்தனால் என்கிறான். சொல்லிக்கொடுத்தவன் நான்தான், யாரைக் குறை சொல்ல? லட்சுமிகாந்தம் என்கிற வாடிக்கையாளர் என்னிடமே கெஞ்சினார். “எத்தனால்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க பாண்டி. ஆறு மாசமா ஆயில் மாத்தலைன்னு தெரிஞ்சா வீட்டுல என்னையத்தான் திட்டுவாக.”

நேற்று வழியோடு போன ஒருவர் வண்டியை நிறுத்தி, “இந்த எத்தனால் சுற்றுச்சூழலுக்கு நல்லதா கெட்டதாண்ணே? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றார்.

“எந்த ஊருப் பயிரு, எந்தத் தண்ணி, அடுப்புல என்ன எரிச்சாக…” என்று ஆரம்பித்தேன்.

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.