என் கையில் இருந்தது நடை மட்டும்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடங்களில் நான் மலைமேல் கரியாலூரில் நர்ஸாக வேலை பார்த்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒற்றை அறை. சாயங்காலம் மற்றவர்கள் போய்விட்டால் பேச ஆளிருக்காது. வாரம் முடிந்தால் பஸ் பிடித்து நைனார்பாளையம் போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு வாரம் சாலைமறியல். கீழே ரோடெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் வரவில்லை. அப்பா இறந்துபோன செய்தியை, நடந்தே மலையேறி வந்த உறவினர் ஒருவர் மறுநாள் காலையில்தான் சொன்னார். அப்போதே இறங்க ஆரம்பித்தேன்.

அடிவாரத்தில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அங்கே உட்கார்ந்திருந்த இளைஞர்களில் ஒருவர் எழுந்தார்.

"எங்கக்கா போய்க்கினு இருக்கீங்க? பஸ்ஸு எதுவும் ஓடலீங்க."

"எங்கப்பா செத்துட்டாரு. வூட்டுக்குப் போறேன்."

கிளைகளை ஒதுக்கிப் பிடித்து என்னைத் தாண்டவிட்டார்கள். ஒருவர் சைக்கிளில் கள்ளக்குறிச்சி வரை கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து மறுபடியும் நடை. நான் போய்ச் சேர்ந்தபோது வீடு கழுவி ஈரமாக இருந்தது. எல்லாம் முடிந்திருந்தது.

வேலைக்குத் திரும்பிய பிறகு சாயங்காலமானால் நெஞ்சை அடைத்தது. மறியலுக்கு முன்பே லீவு போட்டு ஊருக்குப் போயிருக்கலாம். கடைசியில் அப்பா என்னைத் தேடியிருப்பாரோ? மனம் அதையே சுற்றியது. ஊசி போடும்போது கை நடுங்க ஆரம்பித்ததும் பயந்துபோய், பாண்டிச்சேரியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். அந்தம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும். நான் எல்லாவற்றையும் சொன்னதும் கேட்டார்:

"மரத்த நீங்களா வெட்டினீங்க?"

"இல்லீங்க."

"அன்னிக்கு உங்க கையில இன்னா இருந்துச்சு?"

யோசித்தேன். "நடக்கறதுதாங்க."

"நடந்தீங்க இல்ல?"

அங்கேயே அழுதுவிட்டேன். நம் கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்துப் பார்க்கும்படி, அடிமையாக இருந்த ஒரு கிரேக்கர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கற்பித்தாராம். இன்றைய சிகிச்சையிலும் அது இருக்கிறது என்றார். அந்த எண்ணம் வந்தால் விரட்ட வேண்டாம். நிறுத்திவைத்துக் கேளுங்கள், இது நிஜம்தானா, இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று.

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் அப்பாவைப் பற்றி அந்தக் கிரேக்கருக்கு என்ன தெரியும்? ஆனால் என் ஒற்றை அறையில் எனக்கு வேறு துணை இல்லை. ஸ்டவ்வில் உலை கொதிக்க, சுவரைப் பார்த்து அந்தக் கேள்விகளையே கேட்டுக்கொண்டிருப்பேன். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. மெல்ல மெல்லக் கை நடுக்கம் நின்றது. நெஞ்சடைப்பு வந்தாலும் தானாகப் போய்விடும் என்று தெரிந்துகொண்டேன். தனிமை மட்டும் போகவில்லை.

பிறகொரு முறை ஊருக்குப் போனபோது, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பா என்னக் கேட்டாராம்மா?"

"கேக்கவே இல்லடி. தூங்கினே இருந்தாரு, அப்படியே போய்ட்டாரு."

நிஜமா, எனக்காகச் சொன்னதா, அவள் முகத்தில் தெரியவில்லை. முன்பென்றால் அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பேன். அன்று வேறு யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரிக்க ஆரம்பித்தேன்.