என் தங்கை டோர்க்காஸ் எந்த நிறம்

என் தங்கை டோர்க்காஸ் பிறந்தவுடன் அப்பா அவளுடைய காது நுனியைத்தான் முதலில் பார்த்தார். பிறந்த குழந்தை எல்லாமே வெளுப்பாகத்தான் இருக்கும், பின்னால் வரப்போகிற நிறம் காது நுனியில் தெரியும் என்பது எங்கள் டொமினிக்கன் நாட்டில், சமானாவில் எல்லாருக்கும் பாடம். பார்த்துவிட்டு, "பரவாயில்ல, யூனிஸைவிட ஒரு மாத்து கூடத்தான்," என்றாராம். யூனிஸ் நான்தான். இரண்டு பேரும் ஒரே அடுப்புக் கரி என்பது கொஞ்ச நாளிலேயே தெரிந்துபோயிற்று. ஆனாலும் அப்பா சொன்ன அந்த ஒரு மாத்தை டோர்க்காஸ் ரொம்ப காலம் விடவில்லை. சண்டை வந்தால், "போடி, நான் உன்னைவிட வெளுப்பு" என்பாள்.

எங்கள் குடும்பப் பெயர் பாரட். இருநூறு வருஷத்துக்கு முன்னால், பிலடெல்ஃபியாவில் சுதந்திரம் கிடைத்தும் நிம்மதி கிடைக்காத கறுப்பு ஜனங்கள் கப்பலேறி எங்கள் விரிகுடாவில் வந்து இறங்கினார்கள். அவர்கள் வழி நாங்கள். இன்றைக்கும் ஊரில் எங்களை 'அமெரிக்கானோ' என்றுதான் சொல்வார்கள். கத்தோலிக்க ஊரில் எங்களுக்குத் தனிக் கோயில், தனி ஞானப்பாட்டு, சமையலறைக்கு மட்டும் கொஞ்சம் பழைய இங்கிலீஷ். ஆனால் கறுப்பர் என்று எங்களை யாரும் சொன்னதில்லை, நாங்களும் சொல்லிக்கொண்டதில்லை. கறுப்பர் என்றால் தீவின் அந்தப் பாதியில் இருக்கிற ஹைத்திக்காரர்கள். எங்களை அடையாள அட்டையில் 'கருத்த இந்தியோ', அதாவது கருத்த செவ்விந்தியர், என்று எழுதினார்கள். இந்தத் தீவில் செவ்விந்தியர் ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்கள் நிறத்தை மட்டும் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

டோர்க்காஸ் கட்டிக்கொண்டது மோக்கா ஊர்க்காரன் அமௌரியை. சிவத்த ஆள், மெல்லிய முடி. "இனத்தைத் தேத்திட்டா" என்று கோயிலில் பெண்கள் அவளைப் பாராட்டினார்கள். அமௌரி அவளை 'என் கறுப்பி' என்றுதான் கூப்பிடுவான். எங்கள் ஊரில் அது கொஞ்சல். கண்ணே, மணியே என்பது மாதிரி. அவளும் அதற்கு உருகுவாள். மகள் நோமி பிறந்தபோது அமௌரியின் அம்மா மோக்காவிலிருந்து வந்து, தொட்டிலை எட்டிப் பார்த்து, "என் மகன் இவ்வளவு பால் ஊத்தியும் காப்பி வெளுக்கலையே," என்று சொல்லிவிட்டு, நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். டோர்க்காஸும் சிரித்தாள். அன்றிலிருந்து குழந்தையை வெயிலில் விடமாட்டாள்.

அமௌரி ஒருநாள் வேறொருத்தியோடு மோக்காவுக்கே திரும்பிவிட்டான். டோர்க்காஸ் ஒன்பது வயது நோமியைக் கூட்டிக்கொண்டு பிலடெல்ஃபியாவுக்குப் போனாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டிவிடுகிற, ஊட்டிவிடுகிற வேலை. கூட வேலை பார்த்த வெர்லீன் என்கிற கறுப்பினப் பெண்தான் அவளுக்குக் குளிர்கோட்டு வாங்கக் கற்றுக் கொடுத்தாள், நோமியைப் பள்ளியில் சேர்த்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை தன் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே டோர்க்காஸ் எங்கள் வீட்டு ஞானப்பாட்டு ஒன்றைப் பழைய இங்கிலீஷில் பாடியிருக்கிறாள். கோயிலே எழுந்து நின்றுவிட்டதாம். பாரட் என்ற பெயரைக் கேட்டதும் ஒரு கிழவர் அழுதாராம். இந்த ஊரிலிருந்து கப்பலேறிப் போன பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள், நம் தொலைந்துபோன கறுப்புச் சகோதரி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று போதகர் அறிவித்தார். அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

டோர்க்காஸ் மனதாரத்தான் பேசினாள். "உங்க அன்புக்கு ரொம்ப நன்றி. ஆனா ஒண்ணு சொல்லணும். நான் கறுப்பர் இல்லைங்க. நான் டொமினிக்கன்."

யாரோ ஒருவர் இருமினார், அவ்வளவுதான் என்றாள் அவள். வெளியே வந்ததும் வெர்லீன் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பேச்சுடி பேசின? உன் கையைப் பாரு, என் கையைப் பாரு. நீ என்னைவிடக் கறுப்பு!"

"நிறம் கறுப்புதான். நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா கறுப்பர் இல்ல. அது வேற."

"வேறயா? கடையில உன் பின்னாடியே ஒரு காவலாளி சுத்துறானே, அவன்கிட்ட போய்ச் சொல்லு, அது வேறன்னு."

"அவனுக்குத் தெரியாது."

"அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, உனக்கு மட்டும்தான் தெரியும்! எங்களோட சாப்பிடுவ, எங்களோட பாடுவ, பேரைச் சொன்னா மட்டும் தீட்டா?"

வெர்லீன் அதற்குப்பிறகு மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேஜையில் உட்கார ஆரம்பித்தாள். டோர்க்காஸ் எனக்குப் போன் செய்து புலம்பினாள். "அக்கா, ஊர்ல நான் அமெரிக்கக்காரி. இங்க வந்தா டொமினிக்கன். கோயில்ல கறுப்பர். எத்தனை பேருக்குத்தான் நான் சரின்னு தலையாட்டுறது?" நான் அவளுக்குத்தான் பரிந்து பேசினேன். நாம் யார் என்பதை அவர்கள் யார் சொல்ல?

நோமி அந்த ஊரிலேயே வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் கறுப்பர் மேஜையிலேயே உட்கார வைத்தார்கள், அவளும் உட்கார்ந்துகொண்டாள். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை, நிம்மதிதான் இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "மம்மி என்னை வெயில்ல நிக்காதேன்னாங்க. வெர்லீன் ஆன்ட்டி பொண்ணு என்னை அழகுன்னா. நான் யார்கிட்ட போவேன், பெரியம்மா?" கல்லூரிக்குப் போனதும் முடியை நேராக்குவதை நிறுத்தினாள். அது தலையைச் சுற்றிப் பெரிய கூடு மாதிரி நின்றது.

அந்தக் கோலத்தில்தான் ஒரு அறுப்புப் பண்டிகைக்கு அம்மாவும் மகளுமாக சமானாவுக்கு வந்தார்கள். வாசலிலேயே சொன்னேன். "என்னடி இது? இழுத்துக் கட்டேன். பாக்கறவங்க ஹைத்திக்காரின்னு நெனைப்பாங்க."

"நெனைச்சா என்ன?"

"என்னவா? நீ இங்க இருந்து பாரு, தெரியும் என்னன்னு."

நான் சொன்னதில் இன்றைக்கும் எனக்குத் தப்பு தெரியவில்லை. நாடு இருக்கிற லட்சணம் அப்படி. அந்த வருஷம் சீருடைக்காரர்கள் சாலையெல்லாம் நின்றுகொண்டு ஹைத்திக்காரர்களைப் பிடித்து லாரியில் ஏற்றி எல்லைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பண்டிகை நன்றாகவே நடந்தது. தேங்காய்ப்பால் மீன், இஞ்சி ரொட்டி, பாட்டு எல்லாம். பிறகு இருவரும் விமானத்தைப் பிடிக்கத் தலைநகரத்துக்கு பஸ் ஏறினார்கள்.

பஸ்ஸில் நடந்ததை அம்மா ஒரு விதமாகவும் மகள் ஒரு விதமாகவும் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தை மட்டும் சொல்கிறேன்.

அவர்களுக்குப் பக்கத்தில் மிரேயா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். குழந்தை உடுப்பு விற்கிறவள், மடியில் மூட்டை. கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவள். அப்பன் ஹைத்தியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவன். ஆனால் அவள் ஸ்பானிய மொழி பேசினால் பக்கத்து வீட்டுக்காரி பேசுவது மாதிரியே இருக்கும். வழியெல்லாம் டோர்க்காஸோடு அரட்டை. "உங்க பொண்ணு முடிக்கு விளக்கெண்ணெய் வச்சு விடுங்கம்மா, பாத்துக்கிட்டே இருக்கலாம்," என்றாளாம். டோர்க்காஸ் அவளுக்கு நான் கட்டிக் கொடுத்த பொரித்த ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்திருக்கிறாள்.

சான்ச்செஸ் ஊரைத் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒரு சீருடைக்காரன் ஏறினான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, மிரேயாவைக் காட்டினான், நோமியைக் காட்டினான். "நீ. நீ. இறங்கு."

நோமிக்கு பயத்தில் ஸ்பானிய மொழி குழறிவிட்டது.

"பாத்தியா, பேச்சே வரல," என்று அவன் பின்னால் நின்ற இன்னொரு சீருடைக்காரனிடம் சிரித்தான்.

டோர்க்காஸ் எழுந்தாள். "என் பொண்ணுங்க! அமெரிக்கப் பிரஜை!" பையிலிருந்து மகளுடைய நீல நிற அமெரிக்கப் பாஸ்போர்ட்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அவன் முகமே மாறிவிட்டது. "மன்னிச்சுக்கங்க, மிஸ். தலைமுடியைப் பாத்து ஏமாந்துட்டேன்," என்றான். மிரேயா பக்கம் திரும்பினான். அவளிடம் பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றுதான் இருந்தது. அவன் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

மிரேயா டோர்க்காஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீங்க சொல்லுங்க. இவ்வளவு நேரம் என்கிட்ட பேசினீங்கல்ல? நான் இந்த ஊர்க்காரின்னு சொல்லுங்கம்மா."

டோர்க்காஸ் கையை உருவிக்கொண்டாள். "எனக்கு இவங்களைத் தெரியாதுங்க," என்றாள்.

நோமி எழுந்து நின்றுவிட்டாள். "நானும் கறுப்புதான்! அவங்களைக் கூட்டிட்டுப் போனா என்னையும் கூட்டிட்டுப் போ!"

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். சீருடைக்காரன் மரியாதையாகவே சொன்னான். "நீங்க கறுப்பர் இல்ல மிஸ். நீங்க அமெரிக்கர். உக்காருங்க."

மிரேயாவை இறக்கினார்கள். மூட்டை இருக்கையிலேயே கிடந்தது. பஸ் கிளம்பியது. டோர்க்காஸ் மகளின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாளாம், அடுத்த ஊரான நாகுவா வரை. அங்கே நோமி உதறிவிட்டு மூட்டையோடு இறங்கினாள், தாயும் பின்னாலேயே இறங்கினாள். ஒரு வண்டி பிடித்து அந்த இடத்துக்கே திரும்பிப் போனார்கள். லாரி எல்லைக்குப் போய்விட்டது என்றார்கள். விமானமும் போய்விட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பேரும் என் வாசலில் வந்து நின்றார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல்.

மறுநாள் மதியம் என் சாப்பாட்டுக் கடையில் கூட்டமாக இருந்தது. நோமி போனில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டிருந்தாள். மீன் வாங்க வந்தவர்கள் என்னிடம் கேட்டார்கள். "உங்க தங்கச்சி மக நம்ம நாட்டையே அசிங்கப்படுத்துறாளாமே?" எனக்குச் சுருக்கென்றது. கரண்டியோடு அவளிடம் போனேன்.

"விருந்துக்கு வந்தவ வீட்டுக் குத்தம் சொல்லாதே. அமெரிக்காவுல கத்துக்கிட்டதை இங்க கொண்டுவந்து எங்களுக்கு ஒட்டாதே. அந்த ஊர்ல மானமா இருக்க முடியாமத்தான் நம்ம ஆளுங்க கப்பலேறி இங்க வந்தாங்க, தெரியுமா? அங்க மாதிரி இங்க எங்களை யாரும் பஸ்ஸுல பின்னாடி போய் உக்காருன்னு சொன்னதில்ல."

"மிரேயாவைப் பஸ்ஸுலேயே உக்கார விடலையே, பெரியம்மா."

உள்ளே எண்ணெய் புகைகிற வாசனை வந்தது, போய்விட்டேன்.

டோர்க்காஸ் கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அலசியதையே அலசிக்கொண்டிருந்தாள். "நான் என்ன செஞ்சிருக்கணும், அக்கா? அவளுக்குச் சாட்சி சொன்னா, நீயும் யாருன்னு என்னைக் கேட்டிருப்பான். என்கிட்ட அந்த நீலப் பாஸ்போர்ட்டும் இல்ல. என் மூஞ்சியைப் பாரு. என்னை இறக்கினா என் பொண்ணும் தானே இறங்குவா?" என்றாள். "நீ செஞ்சதுதான் சரி," என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்த மாதிரி தெரியவில்லை.

மூட்டைக்குள் ஒரு போன் எண் கிடைத்தது, மிரேயாவுடைய தம்பியின் எண். நோமி பிலடெல்ஃபியா போயும் விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தாள். சில வாரம் கழித்து மிரேயாவே பேசினாள். ஒரு ஆளுக்குக் காசு கொடுத்து எல்லை ஆற்றைக் கடந்து திரும்பி வந்திருக்கிறாள். தான் பிறந்த நாட்டுக்குத் திருட்டுத்தனமாக. நான் மூட்டையைத் தலைநகரத்துக்கு அனுப்பி வைத்தேன். நோமி அம்மாவுக்காக மன்னிப்புக் கேட்டாளாம். "மன்னிப்பு எதுக்கு?" என்றாளாம் மிரேயா. "உங்கம்மா பொய் சொல்லலியே. அவங்களுக்கு என்னைத் தெரியாதுதான்."

நோமி அதை அப்படியே தாயிடம் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்க வேண்டாம். இப்போது அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அம்மாவோடு போனில் பேசுகிறாள். சாப்பாடு, மழை, மருந்து. அதற்கு மேல் இல்லை. சமானாவுக்கு வருவதில்லை.

வெர்லீனிடம் டோர்க்காஸ் தானாகவே போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். வெர்லீன் கட்டிப்பிடிப்பாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாளாம். அவள் இரண்டும் செய்யவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "இப்ப என்ன, கறுப்பராயிட்டியா?" என்றாளாம்.

"தெரியல."

"கறுப்பர்னு சொன்னா அந்தப் பொண்ணுக்குச் சரியாப் போயிடுமா?"

"போகாது."

"அப்ப சாப்பிடு," என்று தன் மேஜையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாளாம்.

கோயிலுக்குத் திரும்பவும் போகிறாள் டோர்க்காஸ். பின்வரிசையில் உட்காருகிறாள். பாடச் சொல்லி அவர்களும் கேட்பதில்லை.

போன வாரம் கூப்பிட்டாள். இல்லத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், ஞாபகமறதி முற்றியவர், குளிப்பாட்டும்போது தினமும் கேட்கிறாராம், நீ என்ன ஜாதி மனுஷி என்று. தினமும் ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறாளாம். ஒருநாள் டொமினிக்கன், ஒருநாள் கறுப்பர், ஒருநாள் இந்தியோ. எதைச் சொன்னாலும் அவர் அடுத்த நாள் மறந்துவிடுகிறார்.

"நாம யாருக்கா?" என்றாள்.

"பாரட் வீட்டுப் பொண்ணுங்க. வேற என்ன?" என்றேன், அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று.

அவள் சிரிக்கவில்லை. "சரிக்கா, வேலைக்கு நேரமாச்சு," என்று போனை வைத்துவிட்டாள்.