கடிகார அக்காவும் பஸ் ஏறிய நாயும்

பள்ளிக்குப் பள்ளி போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் அவள் வேலை. கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்குவதால் பிள்ளைகள் வைத்த பெயர் கடிகார அக்கா. முன்பு டெலிபோன் ஆபீஸில் இருந்தவள். ஊரார் பேச்சைக் கேட்டே பாதி ஆயுசு போயிற்று. "ஊரெல்லாம் கேக்குற காது, வீட்ல நான் கூப்பிட்டா மட்டும் அடைச்சுக்குது" என்பார் வீட்டுக்காரர்.

வாசிப்புத் தரத்தை உயர்த்தியே தீருவதென்று அரசாங்கம் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. கொடுத்த பத்தியை ஒரு நிமிஷத்துக்குள் வாசிக்க வேண்டும். திணறினால் வருஷம் முழுக்க விளையாட்டு நேரத்தில் தனி வகுப்பு. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அதற்கு மக்கு வகுப்பு என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

அன்று வந்த ரெட்டை ஜடைச் சிறுமியின் அண்ணன் ஏற்கெனவே அதில் மாட்டியிருந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நான் தேறிடுவேன்ல அக்கா?" என்றாள்.

வாசிப்பு மடமடவென்று ஓடியது. ‘நாய் பஸ்ஸில் ஏறியது. கடைசி சீட்டில் உட்கார்ந்தது.’ அங்கே நின்றாள் பாருங்கள், பிரேக் போட்ட மாதிரி.

"அதுக்கு யாரு டிக்கெட் எடுத்தா?"

அக்கா வாயைத் திறக்கக் கூடாது, அது விதி. ஆனால் அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆமாம், யார் எடுத்தார்கள்?

"எங்க இறங்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

ஐயோ, படியேன்டி பெண்ணே! அக்கா ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். சிறுமியோ ஜன்னலைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தாள். நிமிஷம் முடிந்தது. பாதிகூட வாசிக்கவில்லை. காலையிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் இதே நாயைத் தாண்டிப் போனார்கள்; நின்று விசாரித்தது இவள் ஒருத்திதான்.

இரண்டாவது வாய்ப்பு உண்டு, இடையூறு ஏதாவது இருந்தால். மழைச் சத்தம், இருமல், இப்படி. அக்கா பேனாவைக் கடித்தாள். வேலைக்கே வேட்டு வைத்தாலும் சரி என்று, படிவத்தில் இடையூறு என்ற கட்டத்தில் ‘கதை’ என்று எழுதினாள்.

அடுத்த பத்தி கை கழுவுவது பற்றியது. சிறுமி மூச்சு விடாமல் வாசித்து முடித்தாள். நேரம்கூட மிச்சம் இருந்தது.

"நீ பாஸுடி தங்கம்!" அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "இத மட்டும் எப்படி நிக்காம படிச்ச?"

"இதுல கேக்குறதுக்கு ஒண்ணுமே இல்லையே அக்கா," என்றாள் சிறுமி.